தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று

எங்கள் விடுதியின் பின்புறக் குளத்தில் கோய் என்னும் ஜப்பானிய வண்ணக்கெண்டைகள் ஏழு இருந்தன. சென்ற மாதம் வடிகட்டியின் நுரைப்பஞ்சைக் குழாய்நீரில் பளிச்செனக் கழுவி வைத்தேன். குளம் தெளிந்தே இருந்தது. ஆனால் ஐந்தாம் நாள் மூன்று மீன்கள் இறந்து மிதந்தன.

காரணம் யாது? மீன்கள் செவுள்வழி அம்மோனியாவை வெளியிடுகின்றன. பஞ்சில் குடியேறிய நுண்ணுயிர்கள் அந்நஞ்சை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. குழாய்நீரின் குளோரின் அந்நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டது. புதுக்குடி நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

ஆதலின் நண்பர்களே, நுண்ணுயிர்களுக்கு இடம் மிகுந்த வடிகட்டியையே தேர்ந்தெடுங்கள். பஞ்சை வாளியில் முகந்த குளத்து நீரிலேயே, பகுதி பகுதியாக அலசுங்கள். மோட்டாரை இரவிலும் நிறுத்தாதீர்கள். அவ்வுயிர்களுக்கும் உயிர்வளி வேண்டும்.