மீன் எட்டுக் கிலோ, நூல் எதற்கு 36 கிலோ?

விக்கிரவாண்டிப் பக்கம் கரும்பும் மணிலாவும் பயிரிடும் வாசகர் ஒருவர், சென்ற கோடையில் மனைவியுடன் அமெரிக்காவில் உள்ள மகள் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் தங்கிவிட்டு வந்திருக்கிறார். விஸ்கான்சின் மாநிலம், மேடிசன் நகரம். சுற்றிலும் ஏரிகள் உள்ள ஊர். 12 வயதுப் பேரனுக்குத் தூண்டில் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஊர்க் குளத்தில் விராலும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்த தாத்தாவும் சேர்ந்துகொள்ள, தினமும் மாலையில் மோனோனா ஏரிக்கரையில்தான் இருவரும் இருந்திருக்கிறார்கள்.

ஒருநாள் மரத்துறையில் நின்று பேரன் போலி இரையை வீசி இழுத்துக்கொண்டிருந்தான். இரை கால்மாட்டுக்கு வந்த நேரத்தில், இரண்டு முழத்துக்குக் குறையாத மீன் ஒன்று அடியிலிருந்து எழுந்து கவ்வியது. "தாத்தா!" என்று அவன் கத்தி முடிப்பதற்குள் நூல் தளர்ந்துவிட்டது. மீன் இரையோடும் முள்ளோடும் போய்விட்டது. அது மஸ்கி என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் மாப்பிள்ளை கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் 80 பவுண்டு பின்னல் நூலை எடுத்து நீட்டினார். 80 பவுண்டு என்றால் 36 கிலோ தாங்கும். போன மீன் எட்டுக் கிலோ இருந்தால் அதிகம். ‘தேவையில்லாததைத் தலையில் கட்டுகிறாரோ என்று வாங்காமல் திரும்பிவிட்டோம்’ என்று எழுதியிருக்கும் வாசகர், இரண்டு கேள்விகளைக் கேட்கிறார். அவ்வளவு பலமான நூல் உண்மையிலேயே வேண்டுமா? முள்ளோடு போன மீன் பிழைக்குமா? இரண்டாவது கேள்வியைப் பேரன்தான் கேட்கச் சொன்னானாம்.

பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போய்வரும் வாசகர் குடும்பங்கள் இப்போது நிறைய. ஆகவே சற்று விரிவாகவே பார்க்கலாம்.

எப்படிப்பட்ட மீன்?

மஸ்கி என்பது மஸ்கெலஞ்ச் என்ற பெயரின் சுருக்கம். வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் இரைதின்னி மீன். விஸ்கான்சினின் மாநில மீன் இதுதான். நம் விராலைப்போலப் பாசிக்குள் அசையாமல் கிடந்து, இரை அருகில் வந்ததும் பாயும். ஆயிரம் வீச்சல்ல, பத்தாயிரம் வீச்சுக்கு ஒருமுறை கிடைக்கும் மீன் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். 40 அங்குல மீன் ஏழெட்டுக் கிலோ இருக்கும். 50 அங்குலம் வளர்ந்தது 15 கிலோவைத் தாண்டும். சர்வதேசத் தூண்டில் மீன்பிடிச் சங்கத்தின் உலகச் சாதனைப் பட்டியலில் இருப்பது, 1949இல் விஸ்கான்சினின் லாக் கூர்ட் ஓரேய் ஏரியில் கால் ஜான்சன் பிடித்த மீன். எடை 67 பவுண்டு 8 அவுன்ஸ், அதாவது 30 கிலோவுக்குச் சற்று மேல்.

சாதனை மீனே 30 கிலோதான் என்றால் 36 கிலோ நூல் எதற்கு? வாசகரின் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் நூலின் பலத்தை மீனின் எடையோடு ஒப்பிடுவதில்தான் கணக்கு தவறிப்போகிறது.

கயிறு எப்போது அறும்?

கட்டுத்தறியில் நிற்கும் காளை நாள் முழுக்கக் கயிற்றை இழுத்துக்கொண்டே நிற்கும், கயிறு அறாது. வெடிச்சத்தம் கேட்டு ஒரே பாய்ச்சலாகப் பாயும்போதுதான் அறும். நூலுக்கும் இதே கதைதான். தண்ணீருக்குள் மீனுக்கு எடையே கிட்டத்தட்ட இல்லை. அது இழுக்கும்போது ரீலில் உள்ள டிராக் என்ற பிடிமான அமைப்பு நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். கம்பும் வளைந்து கொடுக்கும். ஒழுங்காகச் சரிசெய்த டிராக் இருந்தால், நூல் தாங்கவேண்டிய விசை அதன் பலத்தில் கால்பங்கைக்கூடத் தொடாது.

நூலை உண்மையில் சோதிப்பது மீன் அல்ல, போலி இரை. மஸ்கிக்குப் போடும் இரை சாதாரணமாகவே 60 முதல் 120 கிராம் இருக்கும். பெரிய ரப்பர் இரைகளில் கால் கிலோவும், அதற்கு மேலும் உண்டு. அதைப் பலமாக வீசும்போது ரீலின் உருளை இரையைவிட வேகமாகச் சுற்றிவிட்டால், நூல் குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். பறந்துகொண்டிருக்கும் இரை அந்தரத்தில் சடாரென்று நிறுத்தப்படும். அந்த வெட்டிழுப்பில் மெல்லிய நூல் அறுந்து, 20, 30 டாலர் இரை ஏரி நடுவில் போய் விழும். மூன்று முள் கொத்துகளோடு பறக்கும் பொருள் அது. எதிரில் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. 80 பவுண்டு நூல் இந்த அதிர்ச்சிக்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு. மெல்லிய பின்னல் நூல், மீன் பலமாக இழுக்கும்போது உருளையில் கீழே சுற்றியிருக்கும் அடுக்குகளுக்குள் போய்ப் புதைந்துகொள்ளும். அடுத்த வீச்சில் அந்த இடம் வந்ததும் நூல் நின்றுவிடும். மறுபடியும் அதே வெட்டிழுப்பு. பருமனான நூல் இப்படிப் புதைவது குறைவு.

அதனால் சிறிய இரைகளை மட்டும் வீசுபவருக்கு 65 பவுண்டு போதும். எல்லாவற்றுக்கும் ஒரே ரீல் என்றால் 80. கால் கிலோ ரப்பர் இரைகளை வீசுபவர் 100க்குப் போகலாம். கடைக்காரர் சொன்னது சரியான நடு அளவுதான், ஏமாற்றவில்லை.

தங்கூசியா, பின்னலா?

நம் குளங்களில் பழக்கமான தங்கூசி நரம்பு நைலானால் ஆன ஒற்றை இழை. பின்னல் நூல், மிக உறுதியான ஒருவகைப் பாலிஎத்திலீன் இழைகள் நான்கையோ எட்டையோ சேர்த்துப் பின்னியது. இதிலேயே 80 பவுண்டு நூலின் பருமன் சுமார் 0.43 மி.மீ.தான். தங்கூசியில் அந்தப் பருமன் ஏறக்குறைய 18 பவுண்டுதான் தாங்கும். 80 பவுண்டு தங்கூசியை ரீலில் சுற்றினால் கம்பிச் சுருள் போல விறைத்துக்கொண்டு நிற்கும், வீசவே முடியாது.

பெரிய வேறுபாடு நீட்சியில் இருக்கிறது. தங்கூசி ரப்பர்போல நீளும். பின்னல் நூல் நீளவே நீளாது என்று சொல்லிவிடலாம். மஸ்கியின் வாய் எலும்பும் பல்லுமானது. 30 மீட்டர் தூரத்தில் அது கவ்வும்போது கம்பைச் சுண்டினால், தங்கூசியில் அந்தச் சுண்டல் நூலின் நீட்சியிலேயே கரைந்துபோகும். பின்னலில் நேராக முள்ளுக்குப் போய்ச் சேரும்.

இந்த நல்ல குணமே கரையருகில் ஆபத்தாகவும் மாறும். மஸ்கி இரையைத் துரத்திக்கொண்டு படகு வரைக்கும் வரும் வழக்கமுள்ளது. ஆகவே இரையைத் தூக்குவதற்கு முன் கம்பு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு என்ற எண்ணை வரைவதுபோல இரையைச் சுற்றுவார்கள். பல மீன்கள் அங்கேதான் கவ்வும். அப்போது வெளியே இருக்கும் நூல் இரண்டு முழம்கூட இருக்காது. நீளாத நூல், பாயும் மீன், இறுக்கி முறுக்கிவைத்த டிராக் மூன்றும் சேர்ந்தால் கம்பு முறியும், அல்லது முள் வாயைக் கிழித்துக்கொண்டு வரும். டிராக்கை முழுதாக இறுக்கிவைப்பது வீரம் என்று நினைப்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

நான்கு இழை, எட்டு இழை என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எட்டு இழை வழவழப்பாக, சத்தமில்லாமல் ஓடும். நான்கு இழை சொரசொரப்பு. பாசிக்கும் உராய்வுக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், விலையும் குறைவு.

அறுந்த நுனி சொல்லும் காரணம்

இலையைப் பார்த்து நோயைச் சொல்வதுபோல, அறுந்த நுனியைப் பார்த்து நூல் போன காரணத்தைச் சொல்லலாம். நுனி பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. பிசிறு பிசிறாக இருந்தால் கல்லிலோ சிப்பியிலோ உராய்ந்து தேய்ந்திருக்கிறது. பிளேடால் வெட்டியதுபோல இருந்தால் பல்.

வாசகர் தம் கடிதத்திலேயே அதை எழுதிவிட்டார், முக்கியம் என்று தெரியாமலே: ‘நூல் கத்தி வைத்து நறுக்கினதுபோல இருந்தது.’ பேரனின் ரீலில் இருந்தது 12 பவுண்டு தங்கூசி. ஆனால் அன்று 80 பவுண்டு பின்னல் நூல் இருந்திருந்தாலும் அதே கதிதான். மஸ்கியின் பல்லுக்கு முன்னால் பின்னல் நூலும் பஞ்சுத் திரிதான். அங்கே இல்லாமல்போனது லீடர்.

லீடர் என்பது நூலுக்கும் இரைக்கும் நடுவே கட்டும் ஒரு முழத்துக்குக் குறைவான பல்தாங்கித் துண்டு. வஞ்சிரம், சீலா பிடிக்கும் நம் கடலோரத் தூண்டில்காரர்கள் முள்ளுக்கு மேலே கம்பி கட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். மஸ்கிக்கு எஃகுக் கம்பி லீடரும் உண்டு, ஃபுளோரோகார்பன் லீடரும் உண்டு. ஃபுளோரோகார்பன் என்றால் 100 முதல் 130 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஒரு மி.மீ. பருமன் இருக்கவேண்டும். அதிலும் பல் பட்டு வெட்டுத் தடம் விழும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பார்த்து, தடம் தட்டுப்பட்டால் தூக்கிப்போட்டுவிட வேண்டும். நூலுக்குச் செலவழித்துவிட்டு லீடரில் சிக்கனம் பார்ப்பது, ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு மோட்டார் ஒயரில் மிச்சம்பிடிப்பது போன்றது.

முள்ளோடு போன மீன் பிழைக்குமா? வாய் ஓரத்தில் மட்டும் குத்தியிருந்தால் நாளடைவில் முள் கழன்று விழ வாய்ப்பிருக்கிறது. மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துத் தைத்திருந்தாலோ, தொண்டைக்குள் இறங்கியிருந்தாலோ கடினம். கால்மாட்டில் எழுந்து கவ்விய மீன் என்பதால் வாய் ஓரத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பேரனிடம் சொல்லலாம்.

பலமான நூலுக்கு இந்த மீன் நலனும் ஒரு காரணம். மஸ்கி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் மீனைத் திரும்ப விட்டுவிடுவார்கள். மெல்லிய நூலில் வெகுநேரம் இழுபட்ட மீன், விட்டபின் நீந்திப் போவதுபோலத் தெரிந்தாலும் சோர்வில் செத்துப்போகலாம். வெயில் காலத்தில் இது அதிகம். தண்ணீர் 27 டிகிரி செல்சியஸை நெருங்கினால் மஸ்கிக்குத் தூண்டில் போடுவதையே நிறுத்திவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். அங்குள்ள பல ஏரிகளில் இந்த மீன் தானாகப் பெருகுவதும் போதாது. ஸ்பூனர் என்ற ஊரில் உள்ள அரசுப் பண்ணை போன்ற இடங்களில் குஞ்சு வளர்த்து இருப்புச் செய்கிறார்கள். மீன்குட்டை வைத்திருப்பவர்களுக்கு அந்தச் செலவின் அருமை தெரியும்.

வாங்கிய பிறகு

வழவழப்பான பின்னல் நூலை வெறும் உருளையில் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும். முதலில் சில சுற்றுத் தங்கூசி போட்டு, அதன்மேல் பின்னலைக் கட்டவேண்டும். இதில் காசும் மிச்சம், ஏனென்றால் பின்னல் நூல் குறைவாகவே பிடிக்கும். ஓரிரு பருவம் கழிந்து முன்பகுதி தேய்ந்ததும், நூலைத் தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால் உள்ளே புதிதாகவே இருந்த பகுதி முன்னே வந்துவிடும். ஒரு விலையில் இரண்டு நூல். சாயம் வெளுப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிசிறு எழுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தங்கூசிக்குப் போடும் பழைய முடிச்சுகள் பின்னலில் நழுவும். நூலை இரட்டையாக மடித்துப் போடும் பாலமர் முடிச்சு நல்லது. இறுக்கும் முன் நனைத்துக்கொள்ள வேண்டும். பாலிஎத்திலீன் குறைந்த சூட்டிலேயே இளகும் பொருள். காய்ந்த முடிச்சை வேகமாக இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே பலம் போய்விடும்.

இரை பாசியிலோ மரத்திலோ மாட்டிக்கொண்டால் நூலைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது. சதையை எலும்புவரை அறுத்துவிடும். ஒரு மரக்கட்டையில் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டு இழுக்கவேண்டும். குழந்தைகளோடு போகும்போது இதை முதலில் சொல்லிக்கொடுங்கள். கழித்த நூலைக் கரையில் போட்டால் மக்காது, பறவைகளின் காலில் சிக்கும். துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் சேர்க்கவேண்டும்.

வாசகர் அடுத்த ஆண்டும் போவதாக எழுதியிருக்கிறார். 16 வயதுக்குக் கீழே உள்ள பேரனுக்கு விஸ்கான்சினில் மீன்பிடி உரிமம் தேவையில்லை. தாத்தா தூண்டிலைத் தொட்டால் அவருக்கு வேண்டும். வெளியூர்க்காரருக்கான உரிமத்தை மாப்பிள்ளையிடம் சொல்லி முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். மஸ்கிக்குப் பருவக் கட்டுப்பாடும் உண்டு. பெரும்பாலான ஏரிகளில் 40 அங்குலத்துக்குக் குறைந்த மீனை வைத்துக்கொள்ளக்கூடாது; சில ஏரிகளில் அளவு இன்னும் கூடுதல். போகும் ஏரிக்கு என்ன விதி என்று உரிமம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளவும். நீண்ட மூக்குக் குறடும், முள்ளை வெட்டும் கட்டரும், பெரிய ரப்பர் வலையும் லீடரோடு சேர்த்து வாங்கவேண்டிய பட்டியலில் இருக்கட்டும்.