உங்களுக்குத் தெரியுமா? மாலுமிகள் பாடிய இறையியல்

இயேசு பெத்லகேமில் பிறக்கும் முன்பே, உலகம் உண்டாகும் முன்பே தந்தையோடு இருந்தவர் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. அவர் என்றென்றும் தந்தையோடு இருந்தவர் என்பதை அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ் மறுத்தார்: மகனாகிய இயேசுவும் படைக்கப்பட்டவரே என்றார். வாதத்தை ஏட்டோடு விடாமல், மாலுமிகளும் மாவரைப்பவர்களும் வழிப்போக்கர்களும் பாடும் பாட்டுகளாகவே கட்டிவிட்டார்! அது பரவியதில் வியப்பென்ன?

325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் (இன்றைய துருக்கியின் இஸ்னிக்) ஆயர்களைக் கூட்டினார். மகன் படைக்கப்பட்டவர் அல்ல, தந்தையோடு ஒரே தன்மையுடையவர், நம் மீட்புக்காக மனிதரானவர் என்று சங்கம் அறிக்கையிட்டது. ஆரியுஸ் நாடுகடத்தப்பட்டார். சங்கத்துக்குத் திருத்தொண்டராக வந்திருந்த அத்தனாசியுஸ் பின்னர் ஆயராகி, இந்த நம்பிக்கையில் அசையாமல் நின்று 5 முறை நாடுகடத்தப்பட்டார். எத்தனை நெஞ்சுரம்!

381இல் விரிவாக்கப்பட்ட அந்த அறிக்கையைத் தமிழகத் தேவாலயங்களில் இன்றும் எழுந்து நின்று சொல்கிறார்கள்.