கம்பளத்தில் கறுப்பு மட்டும் ஏன் பள்ளம்?

ராஜபாளையத்தில் நண்பர் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு பழைய கம்பளம் தொங்குகிறது. பலூச் நாடோடிப் பெண்கள் கையால் முடிச்சிட்டு நெய்தது, நூறு வயதாவது இருக்கும் என்று சொல்லி விற்றார்களாம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். சிவப்புப் பூ மேடாக நிற்கிறது. அதைச் சுற்றியோடும் கறுப்புக் கோடு மட்டும் வாய்க்கால் போல இறங்கிக் கிடக்கிறது. செதுக்கியது போல இருக்கிறது. ஆனால் எந்தக் கத்தியும் படவில்லை.

அந்தக் காலத்தில் கறுப்புக்கு இரும்பையும், மாதுளைத் தோல் போன்ற துவர்ப்புச் சரக்கையும் சேர்த்துச் சாயம் காய்ச்சுவார்கள். அந்த இரும்பு இழைக்குள்ளேயே தங்கிவிடும். காற்றும் ஈரமும் படப்பட, கம்பளியின் கெராட்டின் புரதத்தை அது மெல்ல அரிக்கும். கறுப்பு இழை நொறுங்கி உதிர்ந்துவிடும். சிவப்புக்குப் போட்டது மஞ்சிட்டி இனத்து வேரும் படிகாரமும். படிகாரத்தின் அலுமினியம் நிறத்தை இழையோடு பிணைத்து வைக்குமே தவிர, இரும்பைப் போல அரிக்காது.

அந்த வேரின் முக்கியச் சிவப்புப் பொருள் அலிசரின். சோழமண்டலக் கரையிலும் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலும் தோண்டியெடுத்த நம் சாயவேரிலும் இருப்பது அதே மூலக்கூறுதான். பலூச் மக்கள் கம்பளியைச் சிவப்பாக்கினார்கள், நாம் பருத்தியை. 1868-இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் இருவரும் அலிசரினை ஆய்வகத்திலேயே செய்து காட்டினார்கள். அதன் பிறகு வேர் தோண்டும் தொழில் அங்கும் இங்கும் படுத்துவிட்டது.

சாயம் நம்மிடம் இருந்தது. தறிக்கும் குறைவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கைத்தறிச் சேலை, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி என்று இன்றும் தறிச்சத்தம் கேட்கிறது. பிறகு ஏன் இங்கே கம்பளி நெசவு வளரவில்லை?

கரிசல் காட்டில் கிடை போட்டிருக்கும் வேம்பூர் ஆட்டின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். வெள்ளையில் செம்பொட்டு விழுந்த அந்தச் செம்மறிக்குக் கன்றுக்குட்டி போலக் குட்டை மயிர். செம்மறித் தோலில் மயிர்க்கால்கள் இரண்டு வகை. முதல் வகையில் முளைப்பது தடித்த மயிர். அதன் நடுத்தண்டு பெரும்பாலும் பொள்ளல், முறுக்கினால் நூலாக நிற்காது. இரண்டாம் வகையில் முளைப்பதுதான் மெல்லிய, சுருண்ட கம்பளி. மிதித்தாலும் அந்தச் சுருள் வில்போல நிமிர்ந்துகொள்ளும். கம்பளிக்குப் பெயர்போன மெரினோ ஆட்டில் ஒரு முதல் வகை மயிர்க்காலுக்கு இரண்டாம் வகை மயிர்க்கால்கள் ஏறத்தாழ இருபது உண்டு. நம் ஆட்டில் ஓங்கி நிற்பது தடித்த மயிர். சித்திரை வெயிலில் மேய்கிற உயிருக்கு அதுவே தோது. கம்பளி வேண்டுமென்றால் திருச்சி கறுப்பு ஆடு, நீலகிரி ஆடு போன்றவற்றைத்தான் தேடிப் போகவேண்டும்.

இப்படிப்பட்ட கம்பளம் உங்கள் வீட்டில் இருந்தால், பள்ளத்தை நிரப்பச் சொல்லி யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அது அதன் வயதின் தழும்பு. ஈரச் சுவரிலும் நேர் வெயிலிலும் மாட்டாதீர்கள். மாதம் ஒருமுறை திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கெராட்டினைத் தின்று செரிக்கத் தெரிந்த அந்துப்பூச்சிப் புழு, ஆள் தொடாத இருட்டில்தான் குடியேறும்.