உங்களுக்குத் தெரியுமா? டீசலைக் காக்கும் கால், உயிரையும் காக்கும்

சேலத்திலிருந்து வரும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை களமசேரியைக் கடந்துதான் கொச்சிக்குள் நுழைகிறது. ஊரில் டயர் ஆலை, பக்கத்து ஏலூரில் உரத் தொழிற்சாலை; லாரிகளுக்குக் குறைவில்லை.

இந்த ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தனி, டீசல் சிக்கனப் பயிற்சி தனி என்று பிரிக்கவே வேண்டாம். வேகம் 60 கிலோமீட்டரிலிருந்து 80 ஆனால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரமும் காற்றின் எதிர்ப்பும் ஏறக்குறைய 1.8 மடங்காகின்றன.

மூணாறு மலைப்பாதையில் டீசல் மிச்சமாகும் என்று நம்பி நியூட்ரலில் இறங்குவோர் இன்றும் உண்டு. உயிரோடு விளையாடும் பழக்கம் அது! எஞ்சினின் பிடி விட்டுப்போய், பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்குகிறது. சூடேறினால் அது செயலிழக்கலாம். மிச்சமும் கிடையாது. இன்றைய மின்னணு எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் டீசல் குடித்துக்கொண்டே இருக்கும்.

1978இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியம் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம், அரசுப் பேருந்து ஓட்டுநர்களுக்கு எரிபொருள் சிக்கனப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. பயிற்சி பலிக்க நிர்வாகமும் மாற வேண்டும்: சீக்கிரம் சேர்ந்தவருக்கு மட்டும் ஊக்கத்தொகை என்றால், எந்த ஓட்டுநர் நிதானமாக ஓட்டுவார்?