சமூக ஊடகமும் சாட்சியின் பொறுப்பும்

சமூக ஊடகம் என்னும் சொல் மதுரை நகரில் மட்டுமன்றி, சுற்றியுள்ள சிற்றூர்ச் சபைகளிலும் இன்று சாதாரணமாக வழங்குகின்றது. ஆயினும் அது செய்தித்தாளினின்றும் வானொலியினின்றும் எங்ஙனம் வேறுபட்டது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. செய்தித்தாளில் எழுதுவோர் சிலர், வாசிப்போர் பலர். இருவருக்குமிடையே ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அச்சேறியதற்குச் சட்டத்தின் முன் பதில் கூற அவர் கடமைப்பட்டவர். முகநூல் (2004), யூடியூப் (2005), வாட்ஸ்அப் (2009), இன்ஸ்டாகிராம் (2010) ஆகியவற்றிலோ வாசிப்பவரே எழுதுபவர், வெளியிடுபவரும் அவரே. வாட்ஸ்அப் அடிப்படையில் கடிதப் போக்குவரத்தைப் போன்றதே. எனினும் குழுக்கள் பெருகிய பின்னர் அது ஊர்ச் சாவடியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதன் ஆற்றலை நாம் கண்கூடாகக் கண்டது 2017 சனவரியில். 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் தொடக்கச் சலுகையாக இணைய இணைப்பை இலவசமாக வழங்கியதால், கைப்பேசி வழி இணையம் எளிய இளைஞர் கைக்கும் எட்டியிருந்தது. சல்லிக்கட்டு 2014 மே முதல் உச்ச நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டிருந்தது. அலங்காநல்லூரில் இரவு முழுதும் அமர்ந்திருந்தோரைச் சனவரி 17 காலையில் காவல்துறையினர் பிடித்துச் சென்றனர். அக்காட்சிகள் கைப்பேசி வழியே பரவின. அன்றே சென்னை மெரினாவில் இளைஞர் திரண்டனர். மதுரைத் தமுக்கம் நிரம்பிற்று. எந்தக் கட்சித் தலைவரும் அழைக்கவில்லை. சனவரி 21இல் அவசரச் சட்டம் பிறந்தது. பிப்ரவரி 10இல் அலங்காநல்லூர் வாடிவாசல் திறந்தது. சல்லிக்கட்டைப் பற்றி நம்மிடையே கருத்து வேற்றுமை உண்டு. அது வேறு பொருள்.

வணிகரும் இதனை விரைவில் கற்றுக்கொண்டனர். சுங்குடிச் சேலை விற்போர் புதிய சாயங்களைப் படம் பிடித்து வெளியூர் வாடிக்கையாளருக்கு அனுப்புகின்றனர். மல்லிகையின் அன்றைய விலை பூச்சந்தையிலிருந்து தோட்டக்காரரின் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றது. கடையின்றி, முதலின்றி, வீட்டிலிருந்தே சேலை விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார் நம் சபைகளிலும் உளர். இவற்றைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் இவ்வளவும் இலவசமாக வருவது எங்ஙனம்? முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் உடைய மெட்டா நிறுவனத்தின் வருமானம் ஏறத்தாழ முழுவதும் விளம்பரத்தினின்று வருவது. நாம் எதை விரும்பிப் பார்க்கிறோம், எங்கே விரல் தயங்கி நிற்கின்றது என்பதைக் குறித்து வைத்து, அதற்கேற்ற விளம்பரத்தை முகநூலும் இன்ஸ்டாகிராமும் நம்முன் வைக்கின்றன. அங்கே சரக்கு நம்முடைய கவனமே. ஆகவே கண்ணை நிறுத்தி வைப்பது எதுவோ அது முன்னே வருகின்றது. சினமும் அச்சமும் கண்ணை நன்றாகவே நிறுத்தி வைக்கின்றன.

சட்டம் இதனைக் கட்டுப்படுத்தாதா எனில், ஓரளவு கட்டுப்படுத்தும். 2019 ஏப்ரல் 3ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, டிக்டாக் செயலியைப் பதிவிறக்கம் செய்வதைத் தடை செய்யுமாறு பணித்தது. ஏற்கெனவே கைப்பேசியில் வைத்திருந்தோர் தடையின்றிப் பயன்படுத்தினர். அம்மாதம் 24இல் தடை நீங்கிற்று. 2020 சூன் மாதத்தில் நடுவண் அரசு வேறு காரணங்களுக்காக அதனை முற்றிலும் தடுத்தது. வாட்ஸ்அப்பிலோ செய்திகள் மறைகுறியாக்கப்பட்டுச் செல்வதால், இடையில் அந்நிறுவனமே அவற்றை வாசிக்க இயலாது. அங்கே ஆசிரியர் இல்லை, இருக்கவும் முடியாது.

2018 மே மாதத்தில் வடநாட்டார் குழந்தைகளைக் கடத்துகின்றனர் என்னும் வதந்தி தமிழகமெங்கும் பரவிற்று. அம்மாதம் 9ஆம் நாள் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தாரைக் கடத்தல்காரர் என்று கருதி ஊரார் தாக்கினர். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். அதே நாள்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் கொல்லப்பட்டார். நாட்டின் பிற பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. அவ்வாண்டு சூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐவருக்கோ ஐந்து குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய இயலாதவாறு வரையறுத்தது.

அந்த மே மாதத்தில் அச்செய்தி எனக்கும் வந்தது. அனுப்பியவர் என் உடன்பிறந்த தம்பி. "பிள்ளைகள் கவனம்" என்று ஒரு வரி சேர்த்து, சபையின் மாதர் குழுவிற்கு நானே அனுப்பினேன். ஆயர் அனுப்பியதாயிற்றே, எவரும் ஐயுறவில்லை. இரண்டு நாள் கழித்து, ஆண்டுதோறும் எங்கள் பக்கம் கம்பளி விற்க வரும் வடநாட்டு வணிகர் இருவரை ஊரார் பேருந்து நிறுத்தத்தில் மடக்கினர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குறுக்கே நின்றதால் அவர்கள் காயமின்றித் தப்பினர். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் என் பிழையைச் சபையாரிடம் ஒப்புக்கொண்டேன். பின்னர், அச்செய்தி முதலில் யாரிடமிருந்து புறப்பட்டது என்று விசாரித்தோம். கைப்பேசிகளைத் திறந்து பார்த்தனர். ஒவ்வொருவருக்கும் தாம் நம்பும் ஒருவரிடமிருந்தே அது வந்திருந்தது, பெரும்பாலோருக்கு என்னிடமிருந்து.

கம்பளி வணிகர் மறு ஆண்டு வரவில்லை.