படகு இயந்திரத்தில் நீர்க் கசிவு

படகு இயந்திரத்தில் நீர்க் கசிவு என்பது, குளிர்விப்பதற்காகச் சுற்றிவரும் நீரோ வெளியிலுள்ள கடல்நீரோ இயந்திரத்தின் சிலிண்டருக்குள் அல்லது எஞ்சின் ஆயிலுக்குள் புகுந்துவிடும் பழுதாகும். உள்ளே வந்தது எந்த நீர், எந்த வழியாக வந்தது என்ற இரண்டையும் அறியாமல் செய்யப்படும் பழுதுபார்ப்பு பெரும்பாலும் நிலைப்பதில்லை.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் விசைப்படகுகள் உள்பொருத்து டீசல் இயந்திரங்களால் இயங்குகின்றன. நடுக்கடலில் இயந்திரம் நின்றால் படகு காற்றிலும் நீரோட்டத்திலும் இழுபடும். பாக் நீரிணையில் இது பன்னாட்டுக் கடல் எல்லையைத் தாண்டும் நிலைக்கும் இட்டுச் செல்லலாம்.

நீர் புகும் வழிகள்

பெரிய இயந்திரங்கள் பலவற்றில் இரண்டு நீர்ச் சுற்றுகள் உண்டு. நன்னீரும் கூலண்ட் திரவமும் கலந்த சுற்று இயந்திரத்தைக் குளிர்விக்கிறது. வெப்பப் பரிமாற்றியில் கடல்நீர் அந்தச் சுற்றைக் குளிர்விக்கிறது. நீர் புகும் முக்கிய வழிகள் வருமாறு:

- சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் எரிந்துபோதல், ஹெட்டில் விரிசல் விழுதல்
- சிலிண்டர் லைனரில் துளை விழுதல், அதன் ரப்பர் வளையங்கள் தேய்தல்
- ஆயில் கூலரின் உட்குழாய்கள் அரிக்கப்படுதல்
- கடல்நீர்ப் பம்பின் சீல் தேய்தல்
- புகைப்போக்கியில் சேரும் நீர் பின்னோக்கி வருதல்

அறிகுறிகள்

நீர் கலந்த ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறும். டிப் ஸ்டிக்கில் அதன் மட்டம் உயரும். இயந்திரம் சூடான பிறகும் வெண்புகை நிற்காது. நன்னீர்த் தொட்டியில் மட்டம் குறையும். ஹெட் கேஸ்கெட் பழுதானால் அத்தொட்டியில் தொடர்ந்து குமிழிகள் எழலாம்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்மையான படலம் இருந்தால், அது குறைந்த நேரமே ஓடிய இயந்திரத்தில் படிந்த ஈரமாகவும் இருக்கலாம். ஆயில் தெளிவாக இருந்து இயந்திரம் மட்டும் திணறினால், டீசலில் தண்ணீர் கலந்துள்ளதா என்று எரிபொருள் வடிகட்டியை முதலில் பார்க்க வேண்டும்.

கண்டறியும் முறை

1. ஸ்டார்ட்டரை அழுத்தக் கூடாது. நீரை அமுக்கிச் சுருக்க முடியாது. சிலிண்டரில் நீர் நிற்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும்.

2. எந்தச் சிலிண்டரிலிருந்து நீர் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் மட்டும் அல்லது அடுத்தடுத்த இரண்டில் மட்டும் வந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ ஹெட் விரிசலையோ சந்தேகிக்கலாம். பலவற்றில் வந்தால் புகைப்போக்கி வழியைப் பார்க்க வேண்டும்.

3. இயந்திரத்தை ஓரிரவு அசையாமல் விட்டு, ஆயில் சம்ப்பின் அடித் திருகை மெதுவாகத் தளர்த்த வேண்டும். நீர் ஆயிலைவிடக் கனமானது. ஆயிலுடன் குழம்பிப்போகாத நீர் அடியில் தங்கி முதலில் வெளிவரும்.

4. அந்த நீர் உப்புநீரா என்று சோதிக்க வேண்டும். சில்வர் நைட்ரேட் கரைசலில் உப்புநீர் அடர்த்தியான வெண்மை வீழ்படிவைத் தரும். கூலண்டில் நச்சுப்பொருள் இருக்கக்கூடும் என்பதால் நாவில் வைத்துப் பார்ப்பது ஆபத்து. உப்புநீர் என்றால் கடல்நீர்ப் பம்பு, புகைப்போக்கி, கடல்நீரால் குளிரும் ஆயில் கூலர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கூலண்ட் நிறமுள்ள நன்னீர் என்றால் ஹெட் கேஸ்கெட்டும் லைனரும் சந்தேகத்துக்குரியவை. கடல்நீரால் நேரடியாகக் குளிரும் இயந்திரத்தில் இந்தச் சோதனை வழியைப் பிரித்துக் காட்டாது.

5. குளிர்விப்புச் சுற்றில் கைப்பம்பால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் ஏற்றிக் காத்திருக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் சம்ப்பைக் கழற்றி, சொட்டும் இடத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

தவறவிடப்படும் காரணங்கள்

கடல்நீர்ப் பம்புகள் பலவற்றில் நீர் சீலுக்கும் ஆயில் சீலுக்கும் நடுவே ஒரு சிறு துளை இருக்கும். சீல் தேய்ந்தால் நீர் அதன் வழியே வெளியே சொட்டி எச்சரிக்கும். உப்போ பெயின்டோ அதை அடைத்துவிட்டால் நீர் இயந்திரத்துக்குள் செல்லும்.

புகையுடன் கடல்நீரைக் கலந்து வெளியேற்றும் அமைப்பில், இயந்திரம் பிடிக்காமல் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுழற்றினாலும் நீர் புகும். பம்பு நீரைத் தள்ளிக்கொண்டே இருக்க, அதை வெளியேற்றப் போதிய புகையழுத்தம் இராது. சைலன்சர் நிரம்பி நீர் சிலிண்டருக்குத் திரும்பும். இந்த நிலையில் ஹெட்டைக் கழற்றிக் கேஸ்கெட் மாற்றுவது வீண்செலவு.

மூழ்கிய இயந்திரம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழகக் கடற்கரையில் ஏராளமான படகு இயந்திரங்கள் கடல்நீரிலும் மணலிலும் சிக்கின. இவ்வாறு மூழ்கிய இயந்திரத்தை வெளியே எடுத்தவுடன் நன்னீரால் கழுவி, ஆயிலையும் எரிபொருளையும் வடித்து, சிலிண்டர்களில் புதிய ஆயில் விட வேண்டும். உப்புநீருடன் காற்றும் சேரும்போது துரு விரைவாகப் பிடிக்கும் என்பதால், மீட்ட இயந்திரத்தைக் கழுவாமல் காயவிடுவது கூடுதல் சேதம் தரும்.

தடுப்பு

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. விசைப்படகுகளைப் பழுதுபார்க்கும் காலமும் அதுவே. பம்பு சீல், ஆயில் கூலர், வெப்பப் பரிமாற்றி ஆகியவற்றை அப்போது சோதிப்பது வழக்கமாக வேண்டும். மற்ற நாட்களில், புறப்படும் முன் டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயிலின் மட்டத்தோடு நிறத்தையும் பார்ப்பது பெரும்பாலான கசிவுகளைக் கரையிலேயே காட்டிக்கொடுக்கும்.