தீச்சுவரும் பக்கவாசலும்

2003 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள டேவிஸ்-பெசி அணுமின் நிலையத்தின் கணினி வலையமைப்புக்குள் 'ஸ்லாமர்' என்ற நச்சுநிரல் புகுந்தது. அது பயன்படுத்திய வழியை நிலையத்தின் தீச்சுவர் ஏற்கெனவே அடைத்திருந்தது. ஆயினும், ஒப்பந்த நிறுவனமொன்றின் வலையமைப்பிலிருந்து தீச்சுவரைக் கடக்காமலேயே உள்ளே சென்ற இணைப்பொன்றின் ஊடாக அது நுழைந்துவிட்டது. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினித் தொகுதி ஏறத்தாழ ஐந்து மணித்தியாலங்கள் செயலிழந்தது. அணு உலை அவ்வேளை இயங்காதிருந்தமை நல்வாய்ப்பே.

வசதிக்காகத் திறக்கப்படும் பக்கவாசல் பிரதான வாசலின் காவலை அர்த்தமற்றதாக்கிவிடும் என்பதே இதன் பாடம். மென்பொருளாளர்கள் அன்றாடம் கையாளும் 'போர்ட்' திசைதிருப்பலையும் இந்தக் கண்கொண்டே நோக்கவேண்டியுள்ளது.

கணினியின் சேவைகள் 65,535 வரை இலக்கமிடப்பட்ட வாயில்களின் ஊடாக இயங்குகின்றன. இவையே 'போர்ட்' எனப்படுகின்றன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வழமையான வாயில் 5432, எஸ்.எஸ்.எச். எனும் பாதுகாப்பான தொடர்பு முறைக்குரியது 22. பல்கலைக்கழக வலையமைப்பொன்றில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதை அடுத்து, 1995 இல் பின்லாந்தின் தத்து இலோனென் உருவாக்கியதே எஸ்.எஸ்.எச்.

பரீட்சார்த்தத் தரவுத்தளமொன்று தீச்சுவருக்குள் இருக்கின்றது எனக் கொள்வோம். வெளியிலிருந்து வருவோருக்கு இடைநிலைக் கணினியொன்றின் 22 ஆம் வாயில் மட்டுமே திறந்திருக்கின்றது. மென்பொருளாளர் அக்கணினியுடன் எஸ்.எஸ்.எச். மூலம் இணைந்து, தமது கணினியின் 15432 ஆம் வாயிலுக்கு வரும் அனைத்தையும் உள்ளேயுள்ள தரவுத்தளத்தின் 5432 ஆம் வாயிலில் சேர்ப்பிக்குமாறு பணிக்கின்றார். இனி அந்தத் தரவுத்தளம் அவரது மேசையிலேயே இருப்பது போலாகிவிடும்.

தரவுத்தளத்தை இணையத்தில் நேரடியாகத் திறந்துவைப்பதிலும் இது பன்மடங்கு மேலானது. கடவுச்சொல்லின்றித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மொங்கோடிபி தரவுத்தளங்களை 2017 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் விஷமிகள் அழித்துவிட்டுக் கப்பம் கோரியமை இதற்குச் சான்று.

எனினும், இம்முறையிலும் ஆபத்து இல்லாமலில்லை. இணைப்பு இடைநிலைக் கணினியிலிருந்து வருவதாகவே தரவுத்தளம் கருதும். அனைவரும் ஒரே பயனர் பெயரைப் பாவித்தால், எதைச் செய்தவர் யார் என்பதைத் தரவுத்தளத்தின் பதிவேட்டிலிருந்து அறிய இயலாது. தமது கணினியின் வாயிலைத் தமக்கு மட்டும் என வரையறுக்காது விட்டால், அதே வலையமைப்பிலுள்ள பிறரும் அதன் வழியே தரவுத்தளத்தின் வாசல் வரை செல்ல முடியும். 'பரீட்சார்த்தம்' என்ற பெயரில் வாடிக்கையாளரின் உண்மையான விபரங்கள் அங்கு பிரதிசெய்யப்பட்டிருப்பின் நிலைமை மேலும் பாரதூரமானதாகும்.

ஆகவே, இத்தகைய வழியைத் திறப்பவர் பொறுப்பானவரின் அனுமதியைப் பெறுவதும், தனக்கெனத் தனியான பயனர் பெயரைப் பாவிப்பதும், பணி முடிந்ததும் அதனை மூடுவதும் அவசியமாகும். அதேவேளை, அனுமதியுடன் செல்லும் வழியை நிறுவனங்கள் இலகுவாக்கித் தரவும் வேண்டும். அது கடினமாக இருக்கும் இடத்திலேயே எவரும் அறியாத பக்கவாசல்கள் முளைக்கின்றன என்பதை நிர்வாகங்கள் மறந்துவிடலாகாது என்பதே நமது கருத்தாகும்.